தாழ்வுபாட்டுக் கம்பளி

உலகத்தில் குளிர் இருக்கும்வரை கம்பளிக்குக் கிராக்கி குறையாது என்று மில்ரன் ஒருநாள் முடிவெடுத்தான். முடிவெடுத்த நேரம் பகல் பன்னிரண்டு மணி. இடம் மன்னார்த் தீவுத் தாழ்வுபாடு. வெயிலுக்குப் பயந்து காகம்கூடப் பறக்காமல் வேலி நிழலில் நடந்து போய்க்கொண்டிருந்தது. மில்ரன் முதுகில் ஒட்டிப்போன சேர்ட்டைப் பிய்த்தெடுத்து, பழைய கலண்டர் மட்டையால் விசிறிக்கொண்டுதான் அந்த முடிவை எடுத்தான்.

போனில் பார்த்த ஒரு வீடியோதான் காரணம். அதில் ஒரு வெள்ளைக்காரன் சின்ன வளவு ஒன்றில் பத்து ஆடு வைத்திருந்தான். பொழுதுபோக்குக்குத்தானாம். வருசத்தில் ஒருதரம் முடி வெட்டுவான். மற்ற நாள் முழுக்கக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பான். மில்ரனுக்குப் பிடித்தது அந்தக் கதிரைதான்.

"ஆடு தன்ர பாட்டில முடி வளர்க்கும்," என்று மனைவி பிறின்சிக்கு விளக்கினான். "நாங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. நித்திரை கொள்ளேக்கையும் வளரும்."

"உங்களுக்கும்தான் வளருது," என்றாள் பிறின்சி. "ஆர் வந்து வாங்கினது?"

மில்ரன் கடலுக்குப் போகிறவன். விடிய வள்ளத்தில் போய்ப் பத்து மணிக்குக் கரைக்கு வந்துவிடுவான். மிச்ச நாள் முழுக்க அவனுக்கு யோசனைதான். போன வருசம் நத்தார் பண்டிகைக்கென்று ஆறு வான்கோழி வளர்த்தான். ஆறும் ஒன்றாய்ப் பறந்து கோயில் கூரையில் ஏறிக்கொண்டன. பூசை முடியுமட்டும் இறங்கவில்லை. சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் பிறின்சி கோயிலில் கடைசி வாங்கில்தான் இருந்தாள்.

ஆனால் வான்கோழிக்குச் செட்டை இருந்தது. ஆட்டுக்கு இல்லை. அதனால் இந்தமுறை ஒன்றும் பிழையாகப் போகாது என்று மில்ரன் சொன்னான்.

நுவரெலியாவில் இருந்து மன்னாருக்கு மரக்கறி கொண்டுவரும் லொறிக்காரன் ஒருவன் அவனுக்குப் பழக்கம். தவக்காலம் தொடங்கின கிழமை, கரட் மூட்டைகளுக்கும் லீக்ஸ் கட்டுகளுக்கும் நடுவில் மூன்று கம்பளி ஆடுகள் வந்து இறங்கின. தாழ்வுபாட்டுச் சனம் செம்மறி பார்க்காத சனம் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்துச் செம்மறிக்கு முடி, மொட்டை அடித்துப் பத்து நாள் ஆன தலை மாதிரி. இவை பஞ்சு மூட்டைக்குக் கால் முளைத்தது போல இருந்தன. மன்னார் வெயில் பட்டதும் மூன்றும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன. பிறகு மூடவேயில்லை.

"சிரிக்குதுகள்," என்றான் மில்ரன்.

"இளைக்குதுகள்," என்றாள் பிறின்சி. "எங்க கட்டப் போறியள்?"

வீட்டுக்குப் பின்னால் ஒரு புது அறை இருந்தது. சண்டை முழுக்க அந்த அறைக்குத்தான்.

பிறின்சி தையல்காரி. கலியாணமாகி ஆறு வருசமாக அவளுடைய தையல் மெசின் படுக்கிற அறையில், கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் நெரிபட்டுக் கிடந்தது. துணி வெட்டுவது கட்டிலில். அயன் பண்ணுவது குசினியில். மகள் கிருஷிகாவுக்கு இரண்டு வயது. குண்டூசி எங்கே கிடந்தாலும் அவளுக்கு மணந்துவிடும். அதனால்தான் பிறின்சியின் தகப்பன் பக்கத்தில் நின்று கல் அடுக்கி, தகரம் போட்டு, பின்பக்கம் ஒழுங்கையைப் பார்த்து ஒரு கதவும் வைத்துக் கொடுத்தார். தைக்கக் கொடுக்கிற சனம் வீட்டுக்குள் வராமல் ஒழுங்கையாலேயே வந்து போகலாம். பூசின சீமெந்தும் காய்ந்துவிட்டது. முன்னுக்கு நோன்புப் பெருநாள், அதற்குப் பின்னால் உயிர்த்த ஞாயிறு. கட்டிலில் துணி மலையாய்க் கிடந்தது. மெசினைத் தூக்கி அங்கே வைப்பதுதான் மிச்சம்.

மெசின் போகமுதல் ஆடுகள் போய்விட்டன.

"கொஞ்ச நாளைக்குத்தான்," என்றான் மில்ரன், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. "முடி முழுக்க வெட்டி முடிய, கிணத்தடியில ஒரு கொட்டில் போடுவன். பேந்து அறை உனக்கு."

பிறின்சி அறையைப் பார்த்தாள். ஆடுகளைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள்.

"சரி," என்றாள்.

மில்ரன் சாத்தின கதவைத் திரும்பத் திறந்து ஆடுகளை எண்ணிப் பார்த்தான். ஆறு வருசத்தில் பிறின்சி எடுத்த எடுப்பில் 'சரி' என்று சொன்னதில்லை. மழைக்குக் குடை கொண்டு போ என்றாலும் 'ஏன்' என்று கேட்டுவிட்டுத்தான் கொண்டு போவாள்.

அவன் பிறவியிலேயே சந்தேகக்காரன். கடலால் வந்து செருப்பைப் போடும்போது, அது தன்னுடைய செருப்புத்தானா என்று அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போடுவான். கோயிலில் சமாதானம் சொல்லிக் கை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, "அமிர்தநாயகம் ஏன் இவ்வளவு நேரம் என்ர கையைப் பிடிச்சவர்?" என்று கேட்பான். அப்படிப்பட்டவனிடம் போய் ஒரு மனிசி 'சரி' என்று சொல்லலாமா?

ஒரு கிழமை பொறுத்தான். எட்டாம் நாள், இருப்பதில் பெரிய ஆட்டைப் பிடித்துக் கிணற்றடித் தென்னையில் கட்டினான். வீடியோவில் வெள்ளைக்காரனுக்கு ஒரு ஆட்டுக்கு மூன்று நிமிசம் போனது. மில்ரனுக்கு மூன்று மணித்தியாலம் போனது. வெள்ளைக்காரனிடம் கரண்டில் ஓடுகிற வெட்டு மெசின் இருந்தது. மில்ரனிடம் பிறின்சியின் கத்தரிக்கோல் இருந்தது. முடிவில் அந்த ஆடு, புயலுக்கு அகப்பட்ட கிடுகு வேலி மாதிரி அங்கே ஒரு கற்றை இங்கே ஒரு கற்றையாய் நின்றது.

வெட்டின முடியை என்ன செய்வதென்று வீடியோவில் சொல்லவில்லை. அதற்காக மில்ரன் யோசித்து நிற்கவில்லை. ஒரு சாமான் கெடாமல் இருக்கத் தாழ்வுபாட்டில் பிறந்தவன் என்ன செய்வானோ, அதைச் செய்தான். உப்புத் தண்ணியில் அலசினான். கைப்பிடி கைப்பிடியாய் உப்பை அள்ளித் தேய்த்தான். கருவாடு காயப்போடுகிற வலைக்கு மேலே கொண்டுபோய்ப் பரவிவிட்டான்.

பக்கத்து வீட்டு எடித் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"தம்பி மில்ரன், இது என்ன மீன்?"

"மீன் இல்லை அக்கா. கம்பளி."

"அப்ப ஏன் உப்பு?"

"பழுதாப் போகாமல் இருக்க."

"முடி பழுதாப் போகுமோ?"

"மலைநாட்டு முடி அக்கா. இந்த வெக்கை அதுக்குப் பழக்கமில்லை."

எடித் அக்கா ஒருதரம் வானத்தைப் பார்த்தாள். பிறகு, "பூனை வரும், பாத்துக்கொள்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பூனைகள் வந்தன. சூடைமீன் மணக்கிற கம்பளியை அவை அதற்குமுன் கண்டதில்லை. சுற்றிவர இருந்து மணந்து பார்த்தன. நக்கிப் பார்த்தன. கடைசியில், சாப்பிட முடியாததைப் படுக்கவாவது செய்யலாம் என்று ஏறிப் படுத்துக்கொண்டன. பொழுதுபட முன்னம் மில்ரன் அவற்றைக் கலைத்துவிட்டு, முடியை அள்ளி ஒரு உரப்பைக்குள் அமத்தி நெருக்காமல் போட்டான். பை வாய்மட்டும் நிரம்பியது. தன்னைத் தவிர வேறு ஆராலும் போட முடியாத ஒரு முடிச்சால் கட்டி, குசினி மூலையில் வைத்தான்.

அடுத்த நாள் கடலால் வந்து பார்த்தான். முடிச்சு அப்படியே இருந்தது. பை பாதிக்கு இறங்கியிருந்தது.

"பிறின்சி, பாதிக் கம்பளி எங்க?"

"பைக்குள்ள."

"நேற்று முழுப் பை இருந்தது."

"நேற்றுக் காத்தும் சேர்ந்து இருந்தது."

எடித் அக்கா வேலியால் குரல் கொடுத்தாள். "கருவாடும் காய்ஞ்சால் சுருங்கும்தானே தம்பி."

"கருவாட்டுக்குத் தலை இருக்கு அக்கா. எண்ணிப் பாக்கலாம். இதில என்னத்தை எண்ணுறது?"

மில்ரன் கதிரையில் இருந்து யோசித்தான். கம்பளி குறைந்தால் ஆட்டால் பிரயோசனம் இல்லை என்று ஆகும். பிரயோசனம் இல்லையென்றால் ஆடு போகும். ஆடு போனால் அறை ஆருக்கு? அவன் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறின்சி வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தாள். அவள் வெங்காயம் உரித்த விதமே அவனுக்குச் சரியாகப் படவில்லை.

அன்றைக்கே வீட்டில் இருந்த கத்தரிக்கோல் மூன்றையும் எடுத்துத் தன்னுடைய வலைப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டினான். நகவெட்டியையும் போட்டான்.

"நான் என்னத்தாலை துணி வெட்டுறது?" என்று பிறின்சி கேட்டாள்.

"வெட்டேக்கை கேள். தருவன். ஆனா என்ர கண்ணுக்கு முன்னாலதான் வெட்டவேணும்."

"சரி," என்றாள். இரண்டாவது 'சரி'.

அடுத்த நாள் மில்ரன் சாப்பிட்டுவிட்டுக் கதிரையைக் கட்டிலடியில் இழுத்துப் போட்டு, காவலுக்கு இருந்தான்.

"வடிவாப் பாருங்கோ," என்றாள் பிறின்சி. "பேந்து நான் ஆட்டை வெட்டினன், பூனையை வெட்டினன் எண்டு சொல்லக்கூடாது. இஞ்ச, பிள்ளையை மடியில வைச்சிருங்கோ. ஊசிப் பெட்டியையும் பிடியுங்கோ. அவளுக்கு எட்டாமல். மற்றக் கையால இந்தத் துணியின்ர நுனியை இழுத்துப் பிடியுங்கோ. இழுத்து. ஆ, அப்பிடியே இருங்கோ."

இரண்டரை மணித்தியாலம் மில்ரன் அப்படியே இருந்தான். மூக்குக் கடித்தபோதும் சொறியவில்லை. கண்ணை எடுக்கவில்லை. அன்றைக்கு ஒரு இழை ஆட்டு முடிகூட வீட்டில் களவு போகவில்லை. அது அவனுக்கு வெற்றி. பிறின்சி ஒரே இருப்பில் பதினொரு சட்டை வெட்டி முடித்திருந்தாள். கலியாணத்துக்குப் பிறகு அவளுக்கு அப்படி ஒரு நாள் கிடைத்ததில்லை. கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் புருசனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இவ்வளவு காலமும் வீட்டில் சும்மா கிடந்த ஒரு சாமான் என்னத்துக்கு உதவும் என்று இன்றைக்குத்தான் கண்டுபிடித்தவள் மாதிரி.

அந்தப் பார்வையும் மில்ரனுக்குப் பிடிக்கவில்லை.

அதற்கு அடுத்த நாளில் இருந்து பிறின்சிக்கு ஆடுகளில் பாசம் வந்துவிட்டது.

காலையும் மாலையும் அந்த அறையைக் கூட்டினாள். சீமெந்து நிலத்தைத் தேய்த்துக் கழுவினாள். யன்னலுக்குத் திரை தைத்துப் போட்டாள். மில்ரன் கடலால் வந்து பார்த்தால், படுக்கிற அறையில் இருந்த காத்தாடி ஆடுகளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று ஆடும் கண்ணை மூடிக்கொண்டு காற்று வாங்கின.

"பேரும் வைச்சிட்டன்," என்றாள். "பெரியது பிலோமினா. நடுவிலது றெஜினா. சின்னது செபமாலை."

மூன்றும் மில்ரனின் அக்காமாரின் பெயர்.

"ஏன் என்ர அக்காமாரின்ர பேர்?"

"உங்கட அக்காமார் மாதிரியே நல்ல குணம். எந்த நேரமும் வாய் திறந்தபடி."

இது புகழ்ச்சியா வேறெதுவுமா என்று மில்ரன் மத்தியானம் முழுக்க யோசித்தான். பிடிபடவில்லை. பிறின்சியையே ஆழம் பார்ப்போம் என்று நினைத்தான்.

"கொட்டிலுக்குத் தடி பாக்கவேணும்," என்று சும்மா எடுத்துவிட்டான். "ஆடுகளை அங்கால மாத்தினால், உன்ர மெசினை அறையில வைக்கலாம்."

அவள் சந்தோசப்படுவாள் என்று பார்த்தான். பிறின்சியின் முகம் வாடிப்போனது.

"கொட்டில் வேண்டாமப்பா. அதுகள் அங்கயே இருக்கட்டும். எனக்கு மெசின் கட்டிலடியில கிடந்தால் காணும். பழகிப்போச்சு."

"உனக்கு அறை வேண்டாமோ?"

"வேண்டாம். நீங்கள் என்னவும் செய்யுங்கோ. அந்த அறையில இருந்து மட்டும் ஆடுகளை எடுத்துப்போடாதையுங்கோ."

மில்ரனுக்கு வேர்த்தது. அது வெயில் வேர்வை இல்லை.

ஏழு மாதம் அந்த அறைக்காகத் தவம் கிடந்தவள். சீமெந்து குழைக்கும்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணி ஊற்றினவள். இன்றைக்கு அறை வேண்டாம் என்கிறாள். அப்படியென்றால் அறைக்குள் என்ன இருக்கிறது? ஆடு. அறைக்கு என்ன இருக்கிறது? பின்கதவு. பின்கதவுக்கு அங்கால் என்ன இருக்கிறது?

பார்ப்போம் என்று எழும்பி, வீட்டைச் சுற்றி ஒழுங்கைக்குப் போனான். போனவன் பூவரச மரத்துக்குப் பின்னால் சட்டென்று ஒளிந்துகொண்டான்.

பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசலில் ஒரு மோட்டார்சைக்கிள் நின்றது. அதற்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆடுகளையே பார்த்தபடி எருக்கலம்பிட்டிச் சனூன் நின்றார்.

சனூன் ஆட்டு வியாபாரி. மன்னார்த் தீவில் அவருக்குத் தெரியாத ஆடு இல்லை. ஒரு ஆட்டை ஒருதரம் பார்த்தால் போதும், பலபேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சகன் தட்டு எத்தனைக்குக் காணும் என்று சொல்லிவிடுவார். பெருநாளுக்கு இன்னும் பத்து நாள். ஊர் முழுக்கப் பிரியாணி நினைப்பில் இருக்கிற நேரம். அந்த மனுசன் இவன் வீட்டுப் பின்வாசலில் நிற்கிறார். உள்ளே பிறின்சி கூட்டிக்கொண்டு இருக்கிறாள்.

மில்ரன் கால் மணித்தியாலம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் ஒரு சொல்லுக் கதைக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயத்தைக் கொடுத்தது. கதைத்தால், இன்னும் பேரம் பேசுகிறார்கள் என்று வைக்கலாம். கதைக்காமல் நின்றால், எல்லாம் பேசி முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

கால் மணித்தியாலம் முடிய சனூன் ஒருதரம் இருமினார். மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாளும் வந்தார். அதே நேரம். அதே நிற்பு. அதே இருமல்.

"சனூன் நானா ஏன் வந்தவர்?" என்று மில்ரன் பின்னேரத் தேத்தண்ணியோடு மெல்லக் கேட்டான்.

"எந்தச் சனூன் நானா?"

"எருக்கலம்பிட்டியார். ஆட்டு யாவாரி."

"ஓ, அவரோ." பிறின்சி தேத்தண்ணியை ஆற்றினாள். "சும்மா."

"சும்மா எண்டால்?"

"சும்மா எண்டால் சும்மாதான். சீனி காணுமோ?"

மில்ரன் அடுத்த நாள் மன்னார் பசாருக்குப் போய், உள்ளங்கை அளவு பூட்டு ஒன்று வாங்கிவந்து பின்கதவில் போட்டான். பிறின்சி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"நல்ல பூட்டு," என்றாள். "ரெண்டு திறப்பு இருக்குமே. ஒண்டை என்னட்டத் தாங்கோ."

"ஏன்?"

"ஆடுகளுக்குக் காத்து வரவேணும்."

"முன்கதவால வரட்டும்."

"முன்கதவால வாற காத்து அதுகளுக்கு ஒத்துவராதப்பா."

மில்ரன் திறப்பைக் கொடுக்கவில்லை. இரண்டையும் அரைஞாணில் கட்டிக்கொண்டான். ஆனால் மனம் ஆறவில்லை. பூட்டு என்பது வெளியாருக்கு. வீட்டுக்குள் இருக்கிற ஆளுக்கு என்ன பூட்டு? விடிய அவன் கடலில். வீட்டில் பிறின்சி. முன்கதவால் ஆட்டை எடுத்து, குசினிக்குள்ளால் நடத்தி, படலையைத் திறந்துவிட்டால் முடிந்தது. 'களவு போயிட்டுதப்பா' என்று ஒரு அழுகை. பிறகு அக்காமார் மூன்று பேரும் பிரியாணித் தட்டில்.

அன்றைக்கு மத்தியானம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வளவு முழுக்கச் சுற்றிப் பார்த்தான். கிணற்றடி வெளி, ஆரும் வரலாம். குசினியில் கட்டினால் பூனை. விறாந்தையில் கட்டினால் ஒழுங்கைக்குத் தெரியும். இந்த வளவில் ஒரேயொரு கதவும், கம்பி போட்ட யன்னலும், இரும்புக் கொண்டியும் உள்ள இடம் ஒன்றுதான் இருந்தது. அங்கே அவனே படுத்திருப்பான் என்பது இன்னொரு வசதி.

புதன்கிழமை கடலுக்குப் போகவில்லை. காலைச் சாப்பாடு முடிந்த கையோடு பிலோமினாவின் கயிற்றைப் பிடித்தான்.

"எங்கயப்பா கொண்டு போறியள்?" என்று பிறின்சி பின்னால் ஓடிவந்தாள்.

"படுக்கிற அறைக்கு."

"ஆட்டையோ?"

"மூண்டையும்."

"வேண்டாமப்பா. சொல்லுறதைக் கேளுங்கோ. அதுகள் அங்க நிம்மதியா இருக்குதுகள்."

"ஆருக்கு நிம்மதி எண்டு எனக்குத் தெரியும். விலத்து."

"கட்டிலையும் அலுமாரியையும் மெசினையும் வைச்சுக்கொண்டு மூண்டு ஆட்டை எங்க விடுறது? இடம் எங்க கிடக்கு?"

மில்ரன் யோசித்தான். அது நியாயமான கேள்வி. நியாயமான பதிலும் அவனிடம் இருந்தது.

"மெசினை அங்கால தூக்கி வைக்கிறன்."

"எங்கால?"

"பின்னறைக்கு."

"அந்த அறைக்கோ?" பிறின்சியின் குரல் இறங்கிப்போனது. "அது ஆடுகளுக்கெண்டு கழுவித் துடைச்சு, திரையும் போட்டு வைச்ச இடம். அங்க என்னைத் தனியக் கொண்டுபோய் இருத்தப் போறியளோ?"

"ஓம். அங்கதான் இருக்கவேணும். இனி ஆடுகளிட்ட நீ வரத் தேவையில்லை. நான் பாத்துக்கொள்ளுவன்."

பிறின்சி சட்டைத் துணி ஒன்றை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மில்ரனுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் இளகினால் பிலோமினா பிரியாணி. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டான்.

மெசின் பழைய கால்மெசின், இரும்புக் கால். தனி ஆளாய்த் தூக்கினான். கட்டில் முழுக்கக் கிடந்த துணியை நாலு நடையில் கொண்டுபோனான். சாமி அறை மேசையைத் துணி வெட்டத் தோது என்று அவனே தீர்மானித்துத் தூக்கினான். அயன்பெட்டிக்குப் புது வயர் இழுத்துப் பிளக் போட்டான். மெசினுக்கு மேலே குண்டு மின்குமிழ் ஒன்றும் தொங்கவிட்டான். கத்தரிக்கோல் மூன்றையும் வலைப்பெட்டியில் இருந்து எடுத்து மேசையில் வைத்தான். ஆடு இல்லாத இடத்தில் கத்தரிக்கோலால் என்ன கேடு வந்துவிடும்?

எடித் அக்கா கிருஷிகாவைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள்.

"தம்பி, அந்த மேசையை யன்னல் பக்கமாத் தள்ளு. வெளிச்சம் காணாது."

தள்ளினான்.

"மெசினை மற்றப் பக்கம் திருப்பு. அவளுக்கு இடக்கைப் பக்கம் காத்து வரவேணும்."

திருப்பினான்.

"காத்தாடி?"

"காத்தாடி ஆடுகளுக்கு," என்றான் மில்ரன் கண்டிப்பாக.

"அதுகள் இருக்கட்டும் அக்கா," என்றாள் பிறின்சி. துணி இன்னும் முகத்திலேயே இருந்தது. "பின்கதவைத் திறந்தால் எனக்குக் காத்து வரும். திறப்பை மட்டும் தரச் சொல்லுங்கோ."

இனி அந்தக் கதவால் களவு போக என்ன இருக்கிறது? மில்ரன் பெருந்தன்மையாக அரைஞாணில் இருந்து இரண்டு திறப்பையும் அவிழ்த்துக் கொடுத்தான்.

பிறகு மூன்று ஆட்டையும் படுக்கிற அறைக்குள் விட்டு, கொண்டியைப் போட்டு, கட்டிலில் சாய்ந்தான். பிலோமினா அலுமாரிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். றெஜினா தலையணையை மணந்து பார்த்தாள். செபமாலை கட்டிலுக்குக் கீழே புகுந்து, அவன் முதுகுக்கு நேர் கீழே இளைக்கத் தொடங்கினாள். அறை முழுக்க நனைந்த கம்பளி மணம். உப்பு மணம். அதற்குமேல் வேறொரு மணமும். இருந்தாலும் மில்ரன் சிரித்துக்கொண்டான். பின்னறையில் மெசின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. ஓடட்டும். தோற்ற ஆள் என்ன செய்வாள், தைக்கத்தானே செய்வாள்.

பின்னேரம் ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது.

மில்ரன் துள்ளி எழும்பினான். கொண்டியைத் திறந்து, வெளியால் பூட்டி, பின்னறைக்கு ஓடினான். இந்த ஒரு முகத்தைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடும். பின்வாசலில் சனூன் நின்றார். கையில் ஒரு கடைப்பை.

"வாங்க மில்ரன் தம்பி," என்றார் சனூன், தன்னுடைய வீட்டில் நிற்கிறவர் மாதிரி. "அறை நல்ல வடிவாக் கிடக்கு. மாஷா அல்லாஹ்."

"ஆடுகள் இஞ்ச இல்லை, நானா."

"தெரியிது. மணம் இல்லையே."

"ரெண்டு நாள் வந்து பாத்தும் கடைசியில ஏமாந்து போனியள்."

"நான் என்னத்தில ஏமாந்த?" சனூன் குழம்பிப்போய்ப் பிறின்சியைப் பார்த்தார். பிறின்சி மெசினில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நடிக்காதையுங்கோ நானா. பெருநாளுக்கு மூண்டு ஆட்டையும் பிடிக்கத்தானே வந்தனீங்கள்?"

"அந்த ஆட்டையா?" சனூன் வாய்விட்டுச் சிரித்தார். "தம்பி, உங்கட மனம் நோகக்கூடாது. அதுகளைச் சும்மா தந்தாலும் நான் எடுக்க மாட்டன். முடியைக் கழிச்சுப்போட்டுப் பாத்தா உள்ளுக்குப் பூனை அளவுதான் இருக்கும்."

"அப்ப ஏன் வந்து வந்து பாத்தனீங்கள்?"

"இந்தத் தங்கச்சிதான் சொன்ன. பஸ்மினாட பெருநாள் சட்டையை எல்லாருக்கும் முதல் தைச்சுத் தாறன், நீங்க ஒரு உதவி செய்யுங்க நானா எண்டு." சனூன் கடைப்பையைத் திறந்து, மகள் பஸ்மினாவுக்கு எடுத்த பச்சைத் துணியை மேசையில் வைத்தார். "உதவி என்னண்டா, பின்வாசல்ல வந்து கால் மணித்தியாலம் ஆட்டைப் பாத்துக்கொண்டு நிக்கணுமாம். கதைக்கக் கூடாதாம். சிரிக்கவும் கூடாதாம். ஏன் எண்டு கேட்டா, அது குடும்ப விசயம் எண்ட. நோன்பும் பிடிச்சுக்கொண்டு அந்த வெயில்ல நிண்டன் தம்பி. வெயில்கூடப் பரவாயில்லை. பூவரசுக்குக் கீழால உங்கட காலைக் கண்டுபோட்டுச் சிரிக்காம நிண்டதுதான் பெரிய பாடு. இருமித்தான் சமாளிச்ச."

மில்ரன் மனைவியைப் பார்த்தான். அவள் தையலை முடித்து, துணியை உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவனே இழுத்துக் கொடுத்த வயர். அவனே தொங்கவிட்ட மின்குமிழ்.

"அது சரி தங்கச்சி," என்றார் சனூன். "வியாழக்கிழமைதான் மெசின் அறைக்கு வரும், அதுக்குப் பிறகுதான் தைக்கலாம் எண்டீங்க. இண்டைக்குப் புதன்தானே. நான் துணியை வைச்சிட்டுப் போகத்தான் வந்த. மெசின் ஓடிக்கொண்டு கிடக்கு."

பிறின்சி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நானும் வியாழக்கிழமை எண்டுதான் நினைச்சனான் நானா," என்றாள். "இவர் ஒரு நாள் முந்திட்டார்."